600 மில்லி தண்ணீரில் அறை குளிருமா? மேசைக் கூலர் கேள்வி பதில்

வெயில் ஏறியதும் "மினி ஏசி" விளம்பரங்களும் வந்துவிட்டன. வந்த கேள்விகளுக்குக் குளிர்பதனப் பொறியாளர் ஒருவர் பதில் தருகிறார்.

வேளச்சேரி: "5 நிமிடத்தில் அறை ஜில்" என்று போட்டிருக்கிறான். 1,800 ரூபாய், யூஎஸ்பியில் ஓடுமாம். 10க்கு 12 படுக்கையறைக்குப் போதுமா சார்?

போதாது. அந்தப் பெட்டிக்குள் கம்ப்ரெஸர் கிடையாது. ஒரு சின்ன விசிறி, ஈரமான பஞ்சு, 600 மில்லி தொட்டி, அவ்வளவுதான். மண்பானை வேர்த்து உள்ளே இருக்கும் தண்ணீரைக் குளிர்விக்கும் அதே வழிதான் இதற்கும். ஆகவே எவ்வளவு தண்ணீர் ஆவியாகிறதோ அவ்வளவுதான் குளிர்ச்சி.

மணிக்கு 1 லிட்டர் ஆவியானால் சுமார் 675 வாட் குளிர்ச்சி. விளம்பரத்தில் சொல்வதுபோல 600 மில்லி 6 மணி நேரம் வந்தால், மணிக்கு 100 மில்லி. அதாவது 67 வாட். சும்மா உட்கார்ந்திருக்கும் ஓர் ஆளின் உடம்பிலிருந்தே சுமார் 100 வாட் வெப்பம் வெளியேறுகிறது. உங்கள் ஒருவரின் சூட்டைக்கூட அதால் ஈடுகட்ட முடியாது. 1 டன் ஏசி அறையிலிருந்து இழுப்பது 3,500 வாட் வெப்பம். அதற்கு ஈடாக வேண்டுமென்றால் மணிக்கு 5 லிட்டருக்கு மேல் ஆவியாக வேண்டும்.

தொட்டி எத்தனை லிட்டர், எத்தனை மணி நேரம் வரும் என்ற இரண்டு எண்ணும் பெட்டியின் மேலேயே இருக்கும். வகுத்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

தருமபுரி: சும்மா குறை சொல்லாதீங்க சார். வெளியே 38 டிகிரி, கூலர் வாயில மீட்டர் வைச்சேன், 29 காட்டுது. அது பொய்யா?

பொய்யில்லை. தருமபுரியின் வறண்ட மதியத்தில் 9 டிகிரி இறங்குவது நடக்கக்கூடியதுதான். ஆனால் 67 வாட்டை வைத்து 9 டிகிரி குறைத்தால் கிடைக்கும் காற்று மணிக்குச் சுமார் 24 கன மீட்டர். 10க்கு 12 அறையில் இருக்கும் காற்றே 34 கன மீட்டர். ஒரு தடவை மாற்றவே ஒன்றரை மணி நேரம் ஆகும். அதற்குள் கூரையும் மேற்குச் சுவரும் மறுபடி சூடேற்றிவிடும். முகத்துக்கு நேரே 2 அடியில் வைத்தால் முகத்துக்குச் சுகம். அதை மறுக்கவில்லை.

இன்னொன்று, மீட்டரின் முனையில் நீர்த்துளி பட்டால் அது காற்றின் சூட்டைக் காட்டாது, அதைவிடக் குறைத்துத்தான் காட்டும். மீட்டரை அறை நடுவில், காற்று நேராகப் படாத இடத்தில், அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள்.

பெரும்பாக்கம்: தருமபுரிக்காரர் சொல்வதை நம்பி வாங்கி ஏமாந்தவன் நான். ஒரு மணி நேரத்தில் மெத்தை விரிப்பே நசநசவென்று ஆகிவிட்டது. கூலர் என்றாலே ஏமாற்றுதான்.

தருமபுரி: கடலோரத்துல உட்கார்ந்துகிட்டு எங்க ஊர்க் கூலரைத் திட்டாதீங்க. எங்க தெருவுல பாதி வீட்டுல அதான் ஓடுது.

இரண்டு பேர் சொல்வதும் சரிதான். மாறுவது காற்று. 40 டிகிரி, ஈரப்பதம் 25 சதவீதம் என்றால், எவ்வளவு நல்ல கூலரானாலும் காற்று 24 டிகிரிக்குக் கீழே இறங்காது. நல்ல தேன்கூடு பேட் (கூலருக்குள் தண்ணீர் ஊறி நிற்கும் துளைத் தட்டு) அந்த இடைவெளியில் முக்கால் பங்கை எட்டும். எனவே 28 வரை வரும். 35 டிகிரி, 65 சதவீதம் என்றால் எல்லையே 29க்கு மேல். அதே பேட் 31தான் தரும். ஜன்னலைச் சாத்தியிருந்தால் அதுவும் கிடைக்காது. ஈரம் ஏற ஏற வியர்வை காயாது, புழுக்கம் கூடும். பெரும்பாக்கத்தில் நடந்தது அதுதான்.

சென்னையிலும் மே மாதத்தில் கடற்காற்று தாமதமாகும் நாட்கள் உண்டு. மேற்கிலிருந்து வறண்ட காற்று அடித்து 40ஐத் தாண்டும் அந்த மதியங்களில் பெரிய கூலர் நன்றாகவே வேலை செய்யும். கடற்காற்று நுழைந்ததும் பம்பை நிறுத்தி விசிறியை மட்டும் ஓட விடுங்கள். தருமபுரியிலும் ஐப்பசி மழையில் அதே கூலர் புழுக்கத்தைத்தான் தரும். ஊர்ச்சண்டை வேண்டாம். 500 ரூபாய்க்குள் ஈரப்பதமானி கிடைக்கிறது. 50 சதவீதத்துக்கு மேல் காட்டினால் கூலரிடம் அதிகம் எதிர்பார்க்காதீர்கள்.

அம்பத்தூர்: தொட்டியில் ஐஸ் போட்டால்?

அரை கிலோ ஐஸ் உருகி அறைச் சூட்டுக்கு வரும்வரை இழுக்கும் வெப்பம் சுமார் 220 கிலோஜூல். வெறும் 90 மில்லி தண்ணீர் ஆவியானாலே அவ்வளவு இழுக்கும். போதாததற்கு, குளிர்ந்த தண்ணீர் மெதுவாகத்தான் ஆவியாகும். அந்த ஐஸை உறைய வைக்க ஃப்ரிட்ஜ் அதைவிட அதிக வெப்பத்தை உங்கள் வீட்டுக்குள்ளேயே கக்கியிருக்கும்.

வேலூர்: பெரிய கூலரே வாங்குகிறேன் அண்ணா. எந்த அளவு?

அறையின் நீளம், அகலம், உயரம் அடியில் பெருக்கி, இரண்டால் வகுங்கள். 10க்கு 12க்கு 10 என்றால் 1,200, பாதி 600. நிமிடத்துக்கு அத்தனை கன அடி காற்று வேண்டும். பெட்டியில் மணிக்குக் கன மீட்டர் என்று போட்டிருந்தால் சுமார் 1,000 பாருங்கள். வேலூர் வெயிலில் அது மணிக்கு 5 லிட்டர் குடிக்கும், அதனால் 50 லிட்டர் தொட்டியாவது வேண்டும். கூலரைத் திறந்த ஜன்னலில் வெளிக்காற்றை இழுக்கும்படி வைத்து, எதிர்ப்பக்கம் ஒரு ஜன்னலையோ கதவையோ திறந்து விடுங்கள். பலர் தவறுவது இங்கேதான். வெளியேற வழி இல்லாத ஈரக்காற்று சுற்றிச் சுற்றி அதே பேடுக்குள் போகும்.

இரும்பு உடல் என்றால் மூன்று முள் ப்ளக்கும் எர்த்தும் கட்டாயம். தண்ணீர் ஊற்றும்முன் ப்ளக்கைப் பிடுங்குங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது.

ஆவடி: ஐஸ் பேக் வைத்தால் கூடுதலாகக் குளிருமா?

அம்பத்தூர் பதிலைப் படியுங்கள்.

கரூர்: கூலரில் மீன் வாடை வருகிறது.

பேட் காயவே இல்லை. தினமும் நிறுத்துவதற்கு 20 நிமிடம் முன்பு பம்பை அணைத்து, விசிறியை மட்டும் ஓட்டுங்கள். பேடில் வெள்ளையாக உப்பு படிந்திருந்தால் வினிகரும் தண்ணீரும் சம அளவில் கலந்து அரை மணி ஊற வைத்து அலசுங்கள். மேலே தண்ணீர் சொட்டும் துளைகளை ஊசியால் குத்தி விடுங்கள். ஒரு துளை அடைத்தாலும் அதற்குக் கீழே பேட் காய்ந்து, அந்த வழியாக வெக்கைக் காற்று நுழையும்.

வாரம் ஒருமுறை தொட்டியைக் காலி செய்து உட்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு கொசுவின் முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும், தண்ணீர் பட்டதும் பொரிக்கும். வெறுமனே கொட்டினால் போகாது. கழுவும்முன் ப்ளக்கைப் பிடுங்குங்கள்.

திருவொற்றியூர்: புகை மாதிரி வரும் கூலர் வாங்கினேன். டிவி மேல் வெள்ளைப் பொடி படிகிறது.

அது போர் தண்ணீரின் உப்பு. அந்தக் கூலருக்குள் அதிரும் தகடு ஒன்று தண்ணீரை உப்போடு சேர்த்தே தூளாக்கி வீசுகிறது. மூச்சிலும் அதுதான் போகிறது. ஆர்ஓ தண்ணீர் ஊற்றினால் குறையும். உங்கள் ஊர் ஈரப்பதத்தில் நிறுத்தி வைப்பதே நல்லது.

மதுரை: குழந்தைக்கு வீசிங் இருக்கு. வைக்கலாமா?

அதைக் குழந்தையைப் பார்க்கும் மருத்துவரிடம் கேளுங்கள் அம்மா.

தாம்பரம்: ஐஸில் உப்பு போட்டால்?

போடாதீர்கள். பம்பும் பேடும் கெடும். ஐஸ் பற்றி இனி கேட்க வேண்டாம்.

வேளச்சேரி: அப்போ 1,800 ரூபாயை என்ன செய்வது?

உங்கள் ஊருக்கு ஒரு நல்ல சுவர் விசிறி, முடிந்தால் ஒரு எக்ஸாஸ்ட் விசிறி. மாலைக் காற்று வந்ததும் எக்ஸாஸ்டைப் போட்டு அறையின் சூட்டை வெளியே தள்ளுங்கள். மேல்மாடி என்றால் மொட்டை மாடிக்கு வெயில் திருப்பும் வெள்ளைப் பூச்சுதான் முதல் வேலை.

பெரும்பாக்கம்: வாங்கியதைத் திருப்ப முடியாதா?

விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பில்லோடு வைத்து, முதலில் விற்றவருக்கு எழுதுங்கள். பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. "குளிரவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். "ஏசி என்று விற்றார்கள், கம்ப்ரெஸர் இல்லை, இழுக்கும் மின்சாரமே 10 வாட்தான்" என்று எழுதுங்கள்.