‘காலையில் தெய்வம், மதியம் துரோகி!’

கேள்வி: என் தங்கைக்கு வயது 24. கோவையில் ஐ.டி. வேலை, ஹாஸ்டல் வாசம். காலையில் ‘எனக்கு நீ மட்டும்தான்க்கா’ என்பாள். நான் ஸ்கூல் டீச்சர், வகுப்பில் போனை எடுக்க முடியாது. மதியத்துக்குள் ‘நீயும் என்னைக் கைவிட்டுட்ட, இனி உன் முகத்துல முழிக்க மாட்டேன்’ என்று வரிசையாக மெசேஜ் வரும். கையைக் கீறிக்கொள்கிறாள். டாக்டர் ‘பார்டர்லைன் பெர்சனாலிட்டி டிஸார்டர்’ என்கிறார். மாமா ‘எல்லாம் நடிப்பு, கண்டுக்காதே’ என்கிறார். அம்மாவோ ‘ஒரு கால்கட்டு போட்டா சரியாயிடும்’ என்று வரன் பார்க்கிறார். நான் என்ன செய்ய?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பாளையங்கோட்டை

பதில்: முதலில் வரன் பார்ப்பதை நிறுத்தச் சொல்லுங்கள் டீச்சர். கால்கட்டு வைத்தியத்தை எல்லா மனநோய்க்கும் சொல்கிறார்கள். இந்த நோய்க்கு அது கூடுதல் கெடுதல். உங்கள் தங்கைக்கு வலிப்பதே நெருக்கத்தில்தான். நெருங்கியவர் விலகிவிடுவாரோ என்ற பயம் வந்ததும் மனம் கொந்தளிக்கிறது. புது வீடு, நேரங்கழித்து வரும் கணவர், குத்திப் பேசும் நாத்தனார் என்று எல்லாவற்றையும் ஒரே முகூர்த்தத்தில் அவள் தலையில் கட்டுவதா? கல்யாணமே வேண்டாம் என்று சொல்லவில்லை. சிகிச்சையில் கொஞ்சம் நிலைத்த பிறகு அவளே முடிவெடுக்கட்டும்.

மாமா சொல்வதும் சரியில்லை. நமக்குக் கால் மணி நேரத்தில் ஆறிவிடும் வருத்தம் இவர்களுக்கு மணிக்கணக்கில் கொதிக்கும். கீறிக்கொள்பவர்களில் பலர், அந்தத் தவிப்பைச் சற்று நேரம் அடக்கத்தான் அப்படிச் செய்ததாகச் சொல்வார்கள்.

இப்போது அந்த மெசேஜ்கள். உடனே நீங்கள் ‘அப்படியெல்லாம் இல்லடி, கிளாஸ்ல இருந்தேன்’ என்றுதானே பதில் போடுகிறீர்கள்? அது உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் அவள் காதில் ஏறாது. ‘நான் எடுக்கலைன்னதும் ரொம்பப் பயந்துட்ட இல்ல?’ என்று முதலில் கேளுங்கள். அவள் பயந்தது நிஜம், அதை ஒப்புக்கொள்ளுங்கள். நீங்கள் கைவிட்டீர்கள் என்பது நிஜமில்லை, அதை ஒப்புக்கொள்ள வேண்டாம். வகுப்பு விஷயத்தைப் பிறகு சொல்லலாம். ‘நான் செத்தாத்தான் உனக்கு நிம்மதி’ வகை வாக்கியங்களுக்கு வரிக்கு வரி பதில் எழுதி வழக்காடாதீர்கள். ஆனால் சாவைப் பற்றிப் பேசினால் ‘சும்மா மிரட்டுகிறாள்’ என்று தள்ளிவிடவும் கூடாது. ‘உயிரை விடணும்னு தோணுதா?’ என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது.

பள்ளி இடைவேளையில் ஒரு நேரம், மாலையில் ஒரு நேரம் என்று பேசி வைத்துக்கொண்டு, தவறாமல் நீங்களே கூப்பிடுங்கள். ‘எப்ப வேணும்னாலும் எடுப்பேன்’ என்று வாக்குக் கொடுத்து மூன்றாம் நாள் மீறுவதைவிட இது எவ்வளவோ மேல். அவள் கீறிக்கொண்ட அன்று மட்டும் பஸ் பிடித்து ஓடாமல், ஒன்றும் நடக்காத சாதாரண ஞாயிற்றுக்கிழமையிலும் போய் அவளோடு சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

சிகிச்சைக்கு வருகிறேன். இந்த நோயை நேரடியாகக் குணமாக்கும் மாத்திரை கிடையாது. கூடவே இருக்கும் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் டாக்டர் மாத்திரை தரலாம். முக்கிய மருந்து பேச்சு சிகிச்சைதான். அதில் நன்கு ஆராயப்பட்டது டி.பி.டி. (டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி), அதாவது கொந்தளிப்பைக் கையாளப் பழக்கும் சிகிச்சை. அமெரிக்காவின் சியாட்டிலில் அதை உருவாக்கிய மார்ஷா லினஹன், 17 வயதில் தன்னையே காயப்படுத்திக்கொண்டு மனநல மருத்துவமனையில் கிடந்தவர். அதை அவர் வெளிப்படையாகச் சொன்னது 2011-இல். வாரம் ஒருமுறை தனியாகப் பேச்சு, இன்னொரு நாள் குழுவாகப் பயிற்சி என்று ஏறத்தாழ ஒரு வருடம் போகும். கொந்தளிப்பு ஏறும்போது மூச்சைப் பிடித்து முகத்தைக் குளிர்ந்த நீரில் சில விநாடி வைப்பதுகூட அதில் ஒரு பாடம். இதயத் துடிப்பு சட்டென்று இறங்கும் (இதய நோய் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் செய்யக் கூடாது). டி.பி.டி. தெரிந்தவர்கள் நம் ஊரில் குறைவு. கிடைக்காவிட்டால் ஒரே கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டிடம் தொடர்ந்து போகட்டும். மாதம் ஒரு டாக்டர் மாற்றுவதுதான் நான் பார்க்கும் பெரிய தொல்லை. பணம் பிரச்னை என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கிறது.

இரவில் நிலைமை மோசமானால் 14416 (டெலி மானஸ், அரசின் மனநல உதவி எண்) இலவச எண், தமிழிலும் பேசுவார்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 108. போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்து தாமதிக்காதீர்கள். தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு.

அம்மாவிடம் இதையும் சொல்லுங்கள். அமெரிக்காவின் மெக்லீன் மருத்துவமனையில் இந்த நோயோடு சேர்ந்திருந்த 290 பேரை ஆய்வாளர் மேரி ஸனரினி குழுவினர் 10 வருடம் பின்தொடர்ந்தார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் நோயின் அறிகுறிகள் தணிந்து, குறைந்தது இரண்டு வருடம் தணிந்தே இருந்தன. வேலை, உறவு எல்லாம் சேர்ந்து சீரானவர்கள் பாதிப் பேர்தான். அதனால் சீக்கிரம் ஆரம்பியுங்கள். வேலையை விடச் சொல்லாதீர்கள்.

கேள்வி: ஒரு டாக்டர் எனக்கு ‘பைபோலார்’ என்கிறார், இன்னொருவர் ‘பார்டர்லைன்’ என்கிறார். நான் ஆண், வயது 31. யாரை நம்புவது?
– வாசகர், சிவகாசி

பதில்: ஆண்களுக்கும் பார்டர்லைன் வரும். பைபோலாரில் மனநிலை நாள்கணக்கில், வாரக்கணக்கில் ஒரே பக்கம் (மிகை உற்சாகம் அல்லது சோர்வு) நிற்கும். உற்சாகம் ஏறிய நாட்களில் தூக்கமே தேவைப்படாது. பார்டர்லைனில் சில மணி நேரத்தில் மாறும், பெரும்பாலும் யாருடனாவது ஏற்பட்ட உரசலுக்குப் பின். இரண்டும் சேர்ந்தே இருப்பவர்களும் உண்டு. ஒரு மாதம் டைரி போடுங்கள்: தூங்கிய நேரம், மனம் மாறிய நேரம், அதற்கு முன் நடந்தது. அதோடு இரண்டில் ஒரு டாக்டரிடம் போங்கள். அதுவரை லித்தியமோ வேறு மாத்திரையோ, நீங்களாக நிறுத்த வேண்டாம்.