தொடைப் பின்தசைப் பிடிப்பு: பத்து நாளில் ஆடலாமா?

தொடைப் பின்தசையில் அடிபட்ட உங்கள் தம்பியைப் பத்து நாளில் ஆட்டத்தில் இறக்கலாமா என்று கேட்டீர்கள். இறக்காதீர்கள். தசையில் சிறிய கிழிசலுக்கே பெரும்பாலும் இரண்டு மூன்று வாரம் வேண்டும். அவசரப்பட்டு இறங்கினால் அதே இடம் மறுபடி கிழியும்.

"2018-ல் எகிப்து கால்பந்து வீரர் சலா மூன்று வாரத்தில் உலகக் கோப்பைக்கு வந்தாரே" என்கிறீர்கள். அவருக்கு அடிபட்டது தோளில். மே 26-ல் ஐரோப்பிய கிளப்புகளின் சாம்பியன்ஸ் லீக் இறுதியில் விழுந்தவர், ஜூன் 15 உருகுவே ஆட்டத்தில் இறங்கவில்லை. 19-ல் ரஷ்யாவுக்கு எதிராகத்தான் ஆடினார். தோள் வலியோடு ஒருவாறு ஓடலாம். உங்கள் தம்பிக்கு ஓடவைக்கும் தசையிலேயே அடி.

மன்னார்குடிப் பக்கம் சம்பா அறுத்த வயலில்தான் பயிற்சி என்றீர்கள். வெடித்த களிமண்ணில், உடம்பைச் சூடேற்றாமல் முழு வேகத்தில் ஓடியதே காரணமாக இருக்கலாம்.

வலி தணிந்ததும் இப்படிப் பாருங்கள்:

1. குப்புறப் படுத்து முழங்காலை மடக்கட்டும். நீங்கள் குதிகாலைப் பிடித்து மெதுவாக எதிர்த்து இழுங்கள். இரு காலிலும் ஒரே பலம் வேண்டும், வலி கூடாது.

2. மெதுவோட்டம், அரைவேகம், முழுவேகம், திடீர் நிறுத்தம். ஒவ்வொன்றும் வேறுவேறு நாளில். வலித்தால் முந்தைய படிக்கே திரும்ப வேண்டும்.

சுளுக்கு எடுப்பவரிடம் மட்டும் கூட்டிப்போகாதீர்கள், முதல் சில நாளில் அழுத்தித் தேய்த்தால் உள்ரத்தக்கசிவு கூடும்.

அடிபட்டபோது 'டப்' என்று சத்தம் கேட்டிருந்தாலோ, தொடை கருநீலமாகியிருந்தாலோ, இன்னும் நொண்டினாலோ மேலே சொன்ன சோதனை எதுவும் வேண்டாம். நாளைக்கே திருவாரூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.