விடுதிக் குளியலறை: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அம்மா,

வணக்கம். எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே இருக்கிறது. இவ்வாண்டு தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் சேர்ந்து, அதன் விடுதியில் தங்கியிருக்கிறேன். எங்கள் மாடியில் நாற்பது பேர் இருக்கிறோம். குளியலறைகள் ஐந்து, கழிப்பறைகள் நான்கு. வீட்டில் அப்பா சிங்கப்பூர்ப் பணத்தில் கட்டிய மாடியில், அறையோடு சேர்ந்த குளியலறையில் குளித்துப் பழகியவள் நான். இங்கே காலை ஆறு மணிக்கு வாளியை வரிசையில் வைத்தால் ஏழு மணி தாண்டித்தான் உள்ளே போக முடிகிறது. சீனியர் அக்காமார் வந்தால் அவர்கள் வாளி முன்னே போய்விடும். உள்ளே போன இரண்டாவது நிமிடமே கதவைத் தட்டத் தொடங்குகிறார்கள். ஒரு கதவில் தாழ்ப்பாள் சரியாக விழுவதில்லை. யாராவது செல்பேசியோடு அந்தப் பக்கம் நடந்தாலே எனக்குப் படபடக்கிறது. அதனால் நாலு மணிக்கே எழுந்து குளித்துவிட்டு மறுபடியும் படுக்கிறேன். வகுப்பில் தூங்கி வழிகிறேன். அடிக்கடி கழிப்பறைக்குப் போக வேண்டாமே என்று தண்ணீர் குடிப்பதையும் குறைத்துவிட்டேன்.

என்னைப் பெற்ற அம்மாவிடம் சொன்னால், “நாங்களெல்லாம் ஆற்றில் நாலு பேர் நடுவில் குளித்து வளர்ந்தவர்கள். உனக்குக் கதவு போட்ட அறை இருந்தும் நோகிறதா?” என்கிறார். அப்பா வெளியே தனி அறை பார்த்துத் தருவதாகச் சொல்கிறார். இன்னொன்றையும் மறைக்காமல் எழுதுகிறேன். மற்றவர்கள் குளித்துவிட்டுப் போன ஈரத்தில் கால் வைக்கவும், அவர்கள் தொட்ட கப்பைத் தொடவும் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. இது என் குறையா?

க.

அன்புள்ள க.,

உங்கள் அம்மா சொன்னதில் பாதி சரி. அந்தப் பாதியை முதலில் பேசிவிடலாம். நானும் அரசலாற்றங்கரைக்காரி. படித்துறையில் குளித்த பெண்களுக்குக் கதவு இல்லையே தவிர மறைவு இல்லாமல் இல்லை. பாவாடையை மார்புக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொண்டு இறங்குவார்கள். குளித்து ஏறியதும் உலர்ந்த புடவையின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு, அதைத் தோளிலிருந்து முழங்கால் வரை தொங்கவிட்டு, அதற்குள்ளேயே ஈரத்துணியை நெகிழ்த்திக் காலடியில் விழவிட்டு, பேச்சையும் நிறுத்தாமல் கொசுவம் வைத்து முடிப்பார்கள். விரற்கடை அளவு உடல்கூட வெளியே தெரியாது. அதைவிடப் பெரிய மறைவு மற்றவர்கள் தந்தது. பெண்கள் துறையில் இருக்கும் நேரத்தில் கரைமேல் வரும் ஆண் தொண்டையைக் கனைத்துவிட்டு முகத்தை வயல் பக்கம் திருப்பிக்கொண்டு போவான். அப்படிப் போகாதவனுக்கு ஊரில் பெயர் கெட்டுவிடும். துணி துவைப்பது கீழ்ப்படியில், மாடு குளிப்பாட்டுவது இன்னும் தள்ளி இறங்கு சரிவில் என்று இடங்களும் வகுக்கப்பட்டிருந்தன. ஆக, உங்கள் அம்மா வளர்ந்தது கூச்சமே இல்லாத இடத்தில் அன்று. கூச்சத்துக்கு எல்லாரும் சேர்ந்து காவல் நின்ற இடத்தில் அவர் வளர்ந்தார். உங்கள் விடுதியில் கதவு இருக்கிறது, அந்தக் காவல் இல்லை. உங்களுக்கு நோவது இதனால்தான். அம்மாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், அவருக்குப் புரியும்.

அவர் சொல்லாமல் விட்ட மறுபாதியும் இருக்கிறது. அந்தப் படித்துறை ஒழுங்கில் ஒரு பகுதி சாதியால் போடப்பட்டது. நீரோட்டத்தின் மேல்பக்கம் யார், கீழ்ப்பக்கம் யார், கோயில் குளத்தில் இறங்கலாமா கூடாதா என்பதெல்லாம் பிறப்பை வைத்துத் தீர்மானமானது. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் ஆறு, குளம், கிணறு, குழாய் ஆகியவற்றோடு குளிக்கும் துறையையும் பொதுக் கழிப்பிடத்தையும் தனித்தனியே பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டியிருந்தது என்றால், அங்கெல்லாம் என்ன நடந்துகொண்டிருந்தது என்று ஊகித்துக்கொள்ளலாம். சட்டம் வந்தபிறகும் பல ஊர்களில் துறைகள் தனித்தனியாகவே இருந்தன. ஆகவே படித்துறையை நினைத்து ஏங்குகிற கட்டுரைகள் எனக்கு அவ்வளவாக உவப்பதில்லை. ஆனாலும் அங்கிருந்து எடுத்துக்கொள்ளத் தக்கது ஒன்று உண்டு. ஒரே தண்ணீரைப் பலர் பங்கிட வேண்டுமென்றால் முறை வைத்தாக வேண்டும்.

கடைமடைக்காரரான உங்களுக்கு முறை வைப்பதைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மேட்டூரில் ஜூன் 12இல் தண்ணீர் திறந்தாலும், வரத்து குறைந்த ஆண்டில் காவிரிக்கு இத்தனை நாள், வெண்ணாற்றுக்கு இத்தனை நாள், கல்லணைக் கால்வாய்க்கு இத்தனை நாள் என்று முறைப்பாசனம் வைக்காவிட்டால் தலைமடைக்காரர் வயல் நிரம்பி வழியும், உங்கள் ஊர் வாய்க்காலில் நண்டுதான் ஓடும். உங்கள் மாடியில் நடப்பதும் அதுவே. சீனியர்கள் தலைமடையில் இருக்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். நாற்பது பேருக்கு ஐந்து குளியலறை என்றால் ஒன்றுக்கு எட்டுப் பேர். ஆளுக்குப் பத்து நிமிடம் என்றாலே எண்பது நிமிடம் ஆகும். ஆறு மணிக்குத் தொடங்கினால் கடைசி ஆள் வெளியே வர ஏழு இருபது. யாரும் தவறு செய்யாமலேயே இவ்வளவு நேரம் பிடிக்கிறது. அந்த நாற்பது பேரில் பதினைந்து பேர் மாலையில் குளிக்க இசைந்தால் காலையில் அறைக்கு ஐந்து பேர்தான். ஐம்பது நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும், எவரும் கதவைத் தட்ட வேண்டியதில்லை.

நம் பக்கத்தில் காலையில் குளிக்காமல் அடுப்படிக்குள் போகக்கூடாது என்று சொல்லியே பெண்களை வளர்த்துவிட்டார்கள். நீங்கள் போவது மெஸ்ஸுக்கு, அடுப்படிக்கு அன்று. காலையில் முகம், கை, கால் கழுவிக்கொண்டு வகுப்புக்குப் போய், நாலரை மணிக்குத் திரும்பி வந்து நிதானமாகக் குளியுங்கள். மேல்நிலைத் தொட்டியின் தண்ணீர் பகல் வெயிலில் வெதுவெதுப்பாகி இருக்கும். அந்த நேரத்தில் மாடியே காலியாக இருக்கும். அறைத்தோழியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் தொடங்கினால் பதினைந்து பேர் ஆவதற்கு அதிக நாள் ஆகாது. நாலு மணிக்கு எழுந்து மறுபடி படுக்கும் வேலையை இன்றோடு விட்டுவிடுங்கள்.

வெள்ளிக்கிழமையைத் தனியாகக் கவனிக்க வேண்டும். செவ்வாயும் வெள்ளியும் பெண்கள் தலைக்குக் குளிக்கும் நாள் என்பதால், அன்று பத்து நிமிடக் குளியல் இருபது நிமிடமாகிவிடும். குளித்து முடித்தவர் சீப்பையும் ஷாம்பு உறையையும் மறக்காமல் எடுத்துப் போவார், வடிகால் சல்லடையில் சுருண்டு கிடக்கும் முடியை மட்டும் விட்டுப் போவார். அடுத்து வருபவர் கணுக்கால் அளவு நுரைத்தண்ணீரில் நின்று குளிப்பார். பெரும்பாலான விடுதிச் சண்டைகள் இந்தச் சல்லடையில்தான் தொடங்குகின்றன. ஒரு பழைய குச்சியும் ஒரு குப்பைக்கூடையும் அங்கேயே இருந்தால் போதும். அவரவர் முடியை அவரவர் எடுத்துப் போடலாம். தலைக்குக் குளிக்கும் நாளைச் சனி, ஞாயிறுக்கு மாற்றிக்கொண்டால் லட்சுமி கோபித்துக்கொள்ள மாட்டாள் என்பது என் எண்ணம். ஷவர் இருக்கிறது என்று எழுதவில்லை. இருந்தாலும் வாளியையே பயன்படுத்துங்கள். ஷவரில் பத்து நிமிடம் நின்றால் நூறு லிட்டர் வரை போய்விடக்கூடும். இரண்டு வாளி நிறைந்தாலும் நாற்பதைத் தாண்டாது. தொட்டி காலியானால் மோட்டார் போட ஆள் தேடும் வரை சோப்பு நுரையோடு நிற்பவர் நீங்களாகவும் இருக்கலாம்.

சீனியர்கள் முன்னே போவதை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். காலை எட்டு மணிக்குச் செய்முறைத் தேர்வு இருக்கிற மூன்றாம் ஆண்டுப் பெண் “கொஞ்சம் விடும்மா” என்றால் விடுங்கள். நாளை உங்களுக்கும் அந்தத் தேவை வரும். ஆனால் முதலாண்டுப் பெண் என்பதற்காக அவர்களுக்கு வாளி நிரப்பி வைக்கச் சொன்னால், மறுத்தால் மிரட்டினால், அது வேறு. தமிழ்நாட்டில் 1997 முதல் ராகிங்குக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. இரண்டாண்டுச் சிறை வரை போகும். அதைக் காட்டி யாரையும் பயமுறுத்தச் சொல்லவில்லை. எது பொறுத்துக்கொள்ளத் தக்கது, எது அன்று என்ற எல்லை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொன்னேன்.

தாழ்ப்பாளையும் செல்பேசியையும் பற்றிய உங்கள் பயத்தை நான் கூச்சத்தின் கணக்கில் சேர்க்க மாட்டேன். குளிக்கும் பெண்ணை ஒளிந்து பார்ப்பதும் படம் பிடிப்பதும் 2013 முதலே தனிக் குற்றம். இப்போது, பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவில் இருக்கிறது. முதல் முறைக்கே ஓராண்டுக்குக் குறையாத சிறை உண்டு. குளியலறைப் பக்கம் செல்பேசி எடுத்து வரக்கூடாது என்ற விதியை மாடியிலுள்ள எல்லாரும் சேர்ந்து வார்டனிடம் கேளுங்கள். நியாயமான எந்த வார்டனும் மறுக்க மாட்டார். தாழ்ப்பாளுக்கு வாய்ச்சொல் போதாது. எந்த மாடி, எந்தக் கதவு, என்ன குறை என்று ஒரு தாளில் எழுதி, பத்துப் பேர் கையெழுத்துப் போட்டு, தேதியோடு கொடுத்து, ஒரு படி வைத்துக்கொள்ளுங்கள். தாழ்ப்பாளோடு, உள்பக்கச் சுவரில் துணி மாட்ட நாலு கொக்கியும் கேளுங்கள். உலர்ந்த துணியை வைக்க இடம் இல்லாததால்தான் பாதிப் பெண்கள் ஈர நைட்டியோடு தாழ்வாரத்தில் ஓடுகிறார்கள்.

தண்ணீர் குடிப்பதைக் குறைத்தது பற்றி மட்டும் நான் கண்டிப்பாகப் பேசுவேன். சிறுநீரை அடக்குவதும் தண்ணீரைக் குறைப்பதும் சேர்ந்தால் சிறுநீர்ப் பாதைத் தொற்று வரும் வாய்ப்பு கூடும். பெண்களுக்கு அந்தப் பாதை குட்டையானது என்பதால் ஆண்களைவிட எளிதில் வரும். எரிச்சலோ, அடிக்கடி போக வேண்டும் என்ற உந்துதலோ ஏற்கெனவே இருந்தால் விடுதி மருந்துக் கடையோடு நிற்காமல் மருத்துவரைப் பாருங்கள். காய்ச்சலோ முதுகின் பக்கவாட்டில் வலியோ சேர்ந்தால் அன்றே பாருங்கள். கழிப்பறை அழுக்காக இருந்தால் புகார் செய்யுங்கள், அதற்காக நாக்கை வறள விடாதீர்கள்.

இனி நீங்கள் மறைக்காமல் எழுதிய அருவருப்பு. இதில் உடல்நலம் சார்ந்த பகுதி உண்மையானது, ஆனால் சிறியது. எப்போதும் ஈரமாக இருக்கும் தரையில் கால்விரல் இடுக்கில் பூஞ்சை பற்றலாம். நம் ஊரில் நடவுக்குப் போகிறவர்களுக்கு வருகிற சேற்றுப்புண்ணை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அதே தொல்லைதான். ஒரு ரப்பர் செருப்பும், குளித்தபின் விரலிடுக்கைத் துடைக்கும் பழக்கமும் அதற்குப் போதும். துண்டையும் உள்ளாடையையும் எவரோடும் மாற்றிக்கொள்ளக் கூடாது. படர்தாமரையும் சிரங்கும் விடுதிகளில் பரவ இவை ஒரு வழி. படர்தாமரை வந்தால் மருந்துக் கடையில் தாமாக எடுத்துத் தருகிற கலவைக் களிம்பைத் தடவாதீர்கள். அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். இரண்டு நாள் அரிப்பு அடங்கும், பிறகு இரு மடங்காய்ப் படரும். சிரங்கு ஒருவருக்கு வந்தால் அறையிலுள்ள எல்லாரும் ஒரே நேரத்தில் மருந்து போட்டாக வேண்டும். உள்ளாடைகளை வேறு துணிக்கு அடியில் ஒளித்து உலர்த்தும் வழக்கத்தையும் விடுங்கள். பெண்கள் விடுதியின் மொட்டைமாடிக் கொடியில் வெயில் படும்படி போடுவதில் யாருக்கும் ஒரு நட்டமும் இல்லை. நாப்கினைத் தாளில் சுற்றிக் கூடையிலோ எரிப்பானிலோ போடுங்கள், கழிப்பறைக் குழியில் போடக்கூடாது. நாற்பது பேருக்கு நாலு கழிப்பறை இருக்கும் இடத்தில் ஒன்று அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பது உங்களுக்கே தெரியும்.

கப்பைத் தொடுவதற்கு இந்த விளக்கங்கள் எதுவும் பொருந்தாது. பிறர் தொட்ட கைப்பிடியைத் தொட்ட கை அடுத்த நிமிடம் சோப்பில்தான் போகிறது. ஆகவே ஒன்று கேட்கிறேன். எனக்குப் பதில் எழுத வேண்டாம். எல்லார் தொட்ட கப்பும் உங்களுக்கு ஒரே அளவில் அருவருக்கிறதா? அப்படியென்றால் அது பழக்கமின்மை, ஒரு பருவம் முடிவதற்குள் போய்விடும். சிலர் தொட்டது மட்டும் என்றால், அறைத்தோழியின் கப் பரவாயில்லை, அந்தக் கடைசி அறைப் பெண்ணின் கப் மட்டும் முடியவில்லை என்றால், அந்த அருவருப்பு உங்கள் கையில் பிறந்தது அன்று. நான் மேலே சொன்ன படித்துறையின் மேல்படியிலிருந்து வந்தது. அதற்குச் செருப்போ களிம்போ உதவாது. அந்தப் பெண்ணோடு சேர்ந்து வரிசையில் நின்று, பேசி, கப்பைக் கைமாற்றித்தான் அதைக் கடக்க முடியும். உங்கள் அம்மாவுக்குக் கிடைக்காத ஒரு வாய்ப்பு இந்த விடுதியில் உங்களுக்குக் கிடைத்திருக்கிறது என்று நான் நினைப்பது இதனால்தான்.

அப்பா சொல்லும் தனி அறை பற்றி: முதல் பருவத் தேர்வு முடியும் வரை விடுதியிலேயே இருங்கள். மாலைக் குளியலைத் தொடங்குங்கள், மனுவைக் கொடுங்கள். எழுதிக் கொடுத்தும் ஒரு மாதத்துக்குள் அந்தத் தாழ்ப்பாள் மாறவில்லை என்றால், அப்பாவையே நேரில் வந்து கேட்கச் சொல்லுங்கள். அதன்பிறகும் மாறாவிட்டால் தாராளமாக வெளியேறுங்கள். பத்து நிமிடம் பயமின்றிக் குளிக்க ஒரு கதவு கேட்பதைச் சொகுசு என்று யாரும் உங்களிடம் சொல்ல விடாதீர்கள்.

அன்புடன்.