மேசைக்குப் பின்னால் தூளி: சேலத்திலிருந்து ஒரு கேள்வி பதில்

சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு பழைய வீட்டின் தரைத்தளத்தில் ஆறு வருடமாகக் கோ-ஒர்க்கிங், அதாவது மேசையை வாடகைக்கு எடுத்து வேலை பார்க்கிற இடம், நடத்துகிறேன். முன்கூடத்தில் 22 மேசை, பின்கட்டில் அங்கே வேலை பார்ப்பவர்களின் 14 குழந்தைகளுக்கு டே கேர். "எப்படி ஆரம்பிப்பது?" என்று வாரத்துக்கு நான்கு பேர் கேட்கிறார்கள். மொத்தமாகக் கேளுங்கள், ஒரு ஞாயிறு மதியம் உட்கார்ந்து பதில் சொல்கிறேன் என்று சொல்லியிருந்தேன். வந்த வரிசையிலேயே போகிறேன்.

ஃபேர்லாண்ட்ஸிலிருந்து: அக்கா, மேசை வாடகையில் லாபம் பார்த்து, டே கேரை ஒரு கூடுதல் வசதியாக வைக்கலாம் என்று நினைக்கிறேன். கணக்கு சரியா?

தலைகீழாகப் போட்டிருக்கிறீர்கள். எல்லோரும் முதலில் இப்படித்தான் போடுகிறார்கள், நானும் போட்டேன்.

சேலத்தில் மேசைக்காக மட்டும் யாரும் பணம் தர மாட்டார்கள். பெங்களூரில் ஒற்றை அறையில் நாலு பேர் இருப்பதால் மேசைக்கு மதிப்பு. இங்கே மாடியில் ஒரு அறை சும்மா கிடக்கும், ஃபைபர் இணைப்பு வந்துவிட்டது, காபி கீழே இருந்து வந்துவிடும். வீட்டில் கிடைக்காதது ஒன்றே ஒன்றுதான்: யாரும் கதவைத் தட்டாத நாலு மணி நேரம். அதற்குத்தான் பணம் தருகிறார்கள். ஆகவே குழந்தைப் பக்கம்தான் தொழில். மேசை அதோடு ஒட்டிக்கொண்டு வருவது.

செலவும் அப்படித்தான். மேசை காலியாக இருந்தால் உங்களுக்கு மின்விசிறி மிச்சம். குழந்தை வராவிட்டால் எதுவும் மிச்சமில்லை. திங்கட்கிழமை 12 குழந்தைகள் வரும், வெள்ளிக்கிழமை 5 வரும், ஆயம்மாக்களின் சம்பளம் இரண்டு நாளும் ஒன்றுதான். முதல் வருடம் நான் "வரும் நாளுக்கு மட்டும் கட்டணம்" என்று வைத்து, ஆடி மாதம் கையைச் சுட்டுக்கொண்டேன். மாரியம்மன் பண்டிகைக்கு ஊரே லீவு, ஆடிப் பதினெட்டுக்குப் பாதிப் பேர் மேட்டூர், மீதிப் பேர் அம்மா வீடு. சம்பளத்தைச் சீட்டுப் பணத்தில் இருந்து கொடுத்தேன். இப்போது மாத முன்பணம்தான், மேசையும் குழந்தையும் சேர்ந்த ஒரே கட்டணம். அன்றாடம் வந்து போகிறவர்களுக்கு இடமில்லை. குழந்தைக்கும் அது நல்லது. தினம் ஒரு புது முகம் வந்தால் மற்றக் குழந்தைகளும் சேர்ந்து அழும்.

ஐந்து ரோட்டிலிருந்து: முதல் மாடி வாடகை தரைத்தளத்தில் பாதிதான். மாடியில் தொடங்கலாமா?

வேண்டாம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகளை நெருப்புக்குக் கொடுத்த மாநிலம் இது. மாடி, குறுகலான படி, கூரையில் கீற்று. மறக்கக் கூடாது. நடக்கத் தெரியாத எட்டுக் குழந்தைகளை இரண்டு ஆயம்மாக்கள் எத்தனை நிமிடத்தில் கீழே இறக்குவார்கள் என்று நீங்களே ஒரு தடவை அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் பாருங்கள். மத்திய அரசு 2018-ல் க்ரெஷ்களுக்கு, அதாவது வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடங்களுக்கு, வெளியிட்ட குறைந்தபட்ச வழிகாட்டுதலும் தரைத்தளத்தையே சொல்கிறது. ஒரு குழந்தைக்கு 10 முதல் 12 சதுர அடி என்பதும் அதில்தான் இருக்கிறது. அது தவழும் குழந்தைக்குப் போதாது. நான் 25 வைத்திருக்கிறேன்.

ஜாகீர் அம்மாபாளையத்திலிருந்து: எங்கள் கம்பெனியில் 60 பேர். க்ரெஷ் கட்டாயம் என்கிறார் ஆடிட்டர். உங்களைப் போன்ற இடத்தோடு ஒப்பந்தம் போட்டால் போதுமா?

ஆடிட்டர் சொன்னது சரி. 2017-ல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தி, சம்பளத்தோடு விடுப்பை 26 வாரமாக்கியபோதே 50 பேர் வேலை செய்யும் இடத்துக்கு க்ரெஷ் கட்டாயமானது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதே 50தான். தனியார் நடத்தும் பொது க்ரெஷைப் பயன்படுத்திக்கொள்ளவும் அதில் வழி இருக்கிறது. எனவே ஒப்பந்தம் போடலாம். ஆனால் தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை குழந்தையைப் பார்த்துவர நீங்கள் அனுமதிக்க வேண்டும். அம்மாபாளையத்தில் இருந்து என் இடத்துக்கு நான்கு முறை வந்து போனால் அந்தப் பெண் எப்போது வேலை பார்ப்பார்? உங்கள் வளாகத்துக்குப் பக்கத்திலேயே தேடுங்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதை இன்னொரு பக்கமாகப் படியுங்கள். 50 பேரைத் தொட்ட ஒவ்வொரு கம்பெனியும், மருத்துவமனையும், ஜவுளிக் கடையும் உங்கள் வாடிக்கையாளர். அந்த மாதிரி ஒரு ஒப்பந்தம் கையில் இருந்தால் ஆடி மாதத்தில் தூக்கம் வரும்.

அம்மாபேட்டையிலிருந்து: கடன், மானியம் ஏதாவது?

மாவட்டத் தொழில் மையத்துக்கு நேரில் போங்கள், கடையைத் திறப்பதற்கு முன்னால் போங்கள். பெரும்பாலான மானியம் புதுத் தொழிலுக்குத்தான். சிறு தொழிலுக்கான அரசின் உதயம் பதிவு இலவசம். அதற்கு 3,000 ரூபாய் கேட்கும் ஆளுக்கு ஒரு கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள்.

மெய்யனூரிலிருந்து: முதல் மாடிதான், ஆனால் லிஃப்ட் இருக்கிறது.

தீப்பிடித்தால் லிஃப்டில் ஏறக் கூடாது என்று லிஃப்ட் பக்கத்திலேயே எழுதி ஒட்டியிருக்கும்.

சூரமங்கலத்திலிருந்து: எனக்கு ஏழு மாதக் குழந்தை. தாய்ப்பால் பீய்ச்சி வைத்தால் உங்களைப் போன்ற இடங்களில் எப்படிப் பாதுகாப்பார்கள்? வேறு என்ன பார்க்க வேண்டும்?

நல்ல கேள்வி, இதற்காகத்தான் உட்கார்ந்தேன். பீய்ச்சிய பால் 25 டிகிரிக்கு உட்பட்ட அறையில் 4 மணி நேரம் தாங்கும். சேலத்துச் சித்திரையில் எந்த அறை 25 டிகிரியில் இருக்கிறது? பீய்ச்சியவுடன் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், அங்கே 4 நாள் வரை இருக்கும். கதவுப் பக்கம் வைக்கக் கூடாது, திறந்து மூடும்போதெல்லாம் சூடேறும். உள்ளே, பின்னால். பாட்டிலில் பெயர், தேதி, மணி. சூடாக்க வெந்நீர்ப் பாத்திரம்தான், மைக்ரோவேவ் கூடாது, ஒரு பக்கம் கொதித்து வாயைச் சுடும். பெரியவர்களின் தயிர்சாத டப்பா இருக்கும் அதே ஃபிரிட்ஜில் பாலையும் வைக்கிறார்களா என்று திறந்து பாருங்கள். அப்படி வைத்தால் வேறு இடம் தேடுங்கள்.

அப்புறம் கொலுசு. இதை எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன், இங்கேயும் எழுதுகிறேன். நம் ஊர் வெள்ளி ஊர். பேத்திக்கு முத்து வைத்த கொலுசு போடாத பாட்டி கிடையாது. தவழும்போது தரையில் உரசி உரசி அந்த வளையம் வாய் திறக்கும், முத்து விழும், பக்கத்தில் தவழ்கிற குழந்தை எடுத்து வாயில் போடும். என்னிடம் முதல் வருடம் ஒரு பெண் குழந்தை இருமிக்கொண்டே நின்றாள். ஆயம்மா குப்புறக் கவிழ்த்து முதுகில் தட்டியதில், மிளகு அளவு வெள்ளி முத்து ஒன்று டைல்ஸில் விழுந்து உருண்டு போனது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அன்றிலிருந்து வாசலிலேயே கொலுசைக் கழற்றி, கவரில் போட்டு, பெயர் எழுதி, மாலையில் திருப்பிக் கொடுக்கிறோம். இரண்டு பாட்டிகள் இன்னும் என்னோடு பேசுவதில்லை.

ஒரு வயதுக்குள் தேன் கூடாது, நாக்கில் தடவவும் கூடாது. முழு வேர்க்கடலை கூடாது. ஜவ்வரிசிக் கஞ்சி தாராளமாக, நன்றாகக் குழைந்திருந்தால்.

அழகாபுரத்திலிருந்து ஓர் ஆர்க்கிடெக்ட்: கூடத்துக்கும் குழந்தைகள் அறைக்கும் நடுவே முழுக் கண்ணாடிச் சுவர் வைத்தால் தாய்மார்களுக்கு நிம்மதி. உங்கள் அனுபவம்?

வைத்தேன், எட்டாம் நாள் செய்தித்தாள் ஒட்டினேன். ஒன்றரை வயதுப் பையன், கண்ணாடியில் இரண்டு உள்ளங்கையையும் நாக்கையும் வைத்து நின்றான். அம்மா அந்தப் பக்கம் வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருந்தாள். நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள். இவன் எவர்சில்வர் டம்ளரை எடுத்து வந்து கண்ணாடியில் தட்ட ஆரம்பித்தான். அம்மா கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் பத்து நிமிடத்தில் விளையாடப் போகிற குழந்தை, தெரிந்தும் எட்டவில்லை என்றால் ஒரு மணி நேரம் அழும். எட்டு, ஒன்பது மாதத்தில் தொடங்கி ஒன்றரை வயது வரை இந்தப் பிரிவுப் பயம் உச்சத்தில் இருக்கும்.

ஓமலூரிலிருந்து ஒரு தாய்: கண்ணாடி இல்லாத அறைக்குள் என்ன நடக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? உங்களை நம்பு என்கிறீர்களா?

என்னை நம்ப வேண்டாம், நம்பவே கூடாது. கதவில் ஐந்தடி உயரத்தில் ஒரு சாண் அகலக் கண்ணாடி இருக்கிறது, பெரியவர்கள் பார்க்கலாம், குழந்தைக்கு எட்டாது. எந்த நேரமும் சொல்லாமல் உள்ளே வரலாம். "பத்து மணிக்கு மேல் பெற்றோருக்கு அனுமதியில்லை" என்று சொல்கிற இடத்தில் குழந்தையை விடாதீர்கள். எந்த ஆயம்மாவும் ஒரு குழந்தையோடு தனியாக இருக்கக் கூடாது, டயப்பர் மாற்றும் இடம் இன்னொருவர் பார்வையில் இருக்க வேண்டும். வேலைக்கு எடுக்கும் முன் தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கலாம். கேமரா உண்டு. ஆனால் அதை நேரலையாக எல்லோர் கைப்பேசிக்கும் தர மாட்டேன். அதில் தெரிவது உங்கள் குழந்தை மட்டும் இல்லையே.

மீண்டும் ஆர்க்கிடெக்ட்: ஒரு பக்கம் மட்டும் தெரிகிற ஃபிலிம் ஒட்டினால் இரண்டு பேரும் ஜெயித்த மாதிரி.

பகலில் ஜெயிக்கலாம். அந்த ஃபிலிம் வெளிச்ச வித்தியாசத்தில் வேலை செய்வது. குழந்தை அறை பிரகாசமாகவும் கூடம் மங்கலாகவும் இருக்கும் வரைதான். மதியம் தூங்க வைக்க நாங்கள் உள்ளே விளக்கை அணைப்போம், கூடத்தில் டியூப்லைட் எரியும். கண் விழிக்கிற 14 பேரும் கண்ணாடியில் 22 பேரைப் பார்ப்பார்கள்.

நெசவாளர்கள் இருக்கும் குகைப் பகுதியிலிருந்து ஒரு பெரியவர்: அம்மணி, எங்கள் வீட்டில் தறிக்குப் பக்கத்தில்தான் தூளி கட்டியிருக்கும். என் அம்மா ஒரு காலால் மிதியை மிதித்துக்கொண்டே தூளிக் கயிற்றை ஆட்டுவாள். சுவரும் இல்லை, கண்ணாடியும் இல்லை. நாங்கள் ஏழு பேர் வளர்ந்தோம்.

ஐயா, உங்கள் அம்மாவுக்கு வீடியோ கால் இல்லை.

அதே பெரியவர்: தறிச் சத்தத்தை விடவா உங்கள் வீடியோ கால் பெரிது? பிள்ளைக்கு அம்மா தெரிய வேண்டியதில்லை, கேட்டால் போதும்.

இதற்கு என்னால் மறுப்புச் சொல்ல முடியவில்லை. ஆறு மாதத்துக்கு உட்பட்டவை அம்மா சத்தத்தில்தான் தூங்குகின்றன. அதனால்தான் எங்களிடமும் ஒரு மூலையில் இரண்டு மேசைக்குப் பக்கத்தில் தூளிக் கொக்கி இருக்கிறது. அந்த இரண்டு மேசைக்கு எப்போதும் காத்திருப்போர் பட்டியல்தான். ஆனால் தவழ ஆரம்பித்த நாளில் தூளி முடிந்தது, பின்கட்டுக்குப் போய்விட வேண்டும். தறிப் பக்கத்துத் தூளியிலிருந்து நீங்களும் அப்புறம் தெருவுக்குத்தானே போனீர்கள்?

ஓமலூர்த் தாய்: அப்படியானால் கண்ணாடியும் சரி, தூளியும் சரி என்கிறீர்களா?

இல்லை. வயதைப் பொறுத்து என்கிறேன். இதற்கு மேல் கண்ணாடி பற்றி வேண்டாம், பாதி மதியம் போய்விட்டது.

ஏற்காட்டிலிருந்து: எங்களுக்கு எஸ்டேட்டில் ஒரு பங்களா இருக்கிறது. பெங்களூர் ஆட்களுக்கு வேலையும் விடுமுறையும் சேர்ந்த இடம், குழந்தை பார்த்துக்கொள்ள ஆள் வைத்து?

கட்டடத்தில் ஒரு செங்கல் கூட்டுவதாக இருந்தாலும் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழும அனுமதியை முதலில் விசாரியுங்கள். மற்றபடி 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிற குழந்தை முதல் நாள் முழுக்க வாந்தி எடுக்கும், இரண்டாம் நாள் புது ஆயம்மாவைப் பார்த்து அழும், மூன்றாம் நாள் பழகும்போது அவர்கள் கிளம்புவார்கள். ஒரு மாதம் தங்குகிறவர்களை மட்டும் எடுத்தால் யோசிக்கலாம். இது தங்கும் விடுதித் தொழில், அதில் எனக்கு அனுபவம் இல்லை.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து: வீட்டு மின் இணைப்பிலேயே ஓட்டலாமா?

கூடாது. வணிக இணைப்புக்கு மாற்றிவிட்டுத் திறங்கள். பக்கத்தில் வெள்ளிப் பட்டறை இருந்தால் அந்தக் கட்டடமே வேண்டாம், அமிலப் புகை. கொலுசு பற்றி மேலே படியுங்கள்.

கொண்டலாம்பட்டியிலிருந்து: காய்ச்சல் வந்த குழந்தையை அனுமதிப்பீர்களா? அம்மா அழுகிறாள், நாளைக்கு டெட்லைன் என்கிறாள்.

மாட்டேன். மருந்து கொடுக்காமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். காலையில் பாராசிட்டமால் ஊற்றிக் கொண்டுவந்து விடுவார்கள், பதினோரு மணிக்கு உடம்பு கொதிக்கும். அம்மை என்றால் கொப்புளம் எல்லாம் காய்ந்து பொருக்கு தட்டிய பிறகுதான். வேப்பிலை சொருகி அனுப்பினாலும் அதே விதிதான்.

நாலு ரோட்டிலிருந்து: இரண்டாம் மாடி, ஆனால் பால்கனிக்கு கிரில் போட்டாயிற்று...

கிரில் போட்டால் வெளியேயும் வர முடியாது. மாடியைப் பற்றி இனி ஒருவரும் கேட்காதீர்கள்.

கன்னங்குறிச்சியிலிருந்து: தாத்தா பாட்டி இருக்கிற ஊரில் இதெல்லாம் எதற்கு?

என் 14 குழந்தைகளில் ஆறு பேரைக் கொண்டுவந்து விடுவதே தாத்தாக்கள்தான். விட்டுவிட்டு நேராகத் தட்டுவடை செட் கடைக்குப் போகிறார்கள். அவர்களிடம் கேளுங்கள்.

அஸ்தம்பட்டியிலிருந்து: போர்டில் என்ன பெயர் வைக்கலாம்? தமிழில் "குழந்தைகள் காப்பகம்" சரியா?

தமிழில் வையுங்கள், ஆனால் அந்தச் சொல் வேண்டாம். நான் முதலில் அதைத்தான் எழுதி வைத்தேன். இரண்டாவது வாரம் ஒரு பெரியவர் ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் பழைய துணி மூட்டை, இரண்டு சீப்பு வாழைப்பழம். அப்பா திதியாம். "பெற்றவர்கள் இல்லாத பிள்ளைகளுக்குக் கொடுக்கணும்" என்றார். பெற்றவர்கள் முன்கூடத்தில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சொல்லிப் பார்த்தேன், அவர் நம்பவில்லை, மூட்டையை வைத்துவிட்டுப் போனார். நல்ல துணி. எங்கள் பொம்மைகள் இன்றும் அதைத்தான் உடுத்தியிருக்கின்றன.