கோள்களில் குடியேறிய கடவுள்கள்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

சார், வெள்ளிக் கோளில் லட்சுமி பெயரில் ஓர் இடம் இருக்கிறதாமே, உண்மையா?

உண்மைதான். லட்சுமி பிளானம் என்பது அங்குள்ள பெரிய பீடபூமி. அது அமைந்திருக்கும் நிலப்பரப்பின் பெயர் இஷ்தார் டெர்ரா. இஷ்தார், பாபிலோனியரின் காதல் தெய்வம். வெள்ளியில் உள்ள இடங்களுக்குப் பெண் பெயர்களையே சூட்ட வேண்டும் என்பது சர்வதேச வானியல் ஒன்றியத்தின் விதி. பீடபூமிக்குக் கிழக்கே சுமார் 11 கி.மீ. உயர்ந்து நிற்கும் மாக்ஸ்வெல் மலைத்தொடர் அதற்கு விலக்கு. விதி வருவதற்கு முன்பே வைத்த பெயர் அது. வெள்ளியை மூடியிருக்கும் மேகங்களை ஊடுருவி நிலத்தைக் காட்டியது ரேடார் என்ற மின்காந்த அலை. மின்காந்த அலைகளைக் கணக்கில் கண்டவர் மாக்ஸ்வெல். அதனால் எனக்கு அந்த விலக்கு பிடிக்கும். நம் மரபிலோ வெள்ளி என்றால் சுக்கிரன், அசுரர்களின் குரு, ஆண்!

செவ்வாயில் நமக்குத் தெரிந்த பெயர் ஏதாவது உண்டா?

மங்களா வாலிஸ். எப்போதோ வெள்ளம் அறுத்துச் சென்ற பள்ளத்தாக்குகள். செவ்வாயின் பெரிய பள்ளத்தாக்குகளுக்கு, அந்தக் கோளைப் பல மொழிகள் எப்படி அழைக்கின்றனவோ அந்தச் சொற்களையே வைத்தார்கள். மங்களா சமஸ்கிருதம், காசெய் ஜப்பானியம், ஆரெஸ் கிரேக்கம். 1997-இல் பாத்ஃபைண்டர் விண்கலம் இறங்கியது ஆரெஸ் வாலிஸ் பகுதியில்தான். தமிழில் அதன் செம்மை நிறமே பெயராகிவிட்டது. கிரேக்கர்கள் அதைப் போர்க்கடவுளோடு சேர்த்தார்கள். 1877-இல் ஆசஃப் ஹால் கண்டுபிடித்த இரு நிலவுகளுக்கும் அந்தக் கடவுளின் பிள்ளைகளான போபோஸ், டெய்மோஸ் பெயர்களே கிடைத்தன. பயம், திகில் என்று பொருள்.

யுரேனஸின் நிலவுகளும் புராணப் பெயர்கள்தானா?

இல்லை. பெரும்பாலும் ஷேக்ஸ்பியர் நாடகப் பாத்திரங்கள்.

என் மகள் கேட்கிறாள்: வியாழனுக்குப் போன விண்கலத்துக்கு ஏன் ஜூனோ என்று பெயர்?

நல்ல கேள்வி, பாப்பாவிடம் சொல்லுங்கள். ரோமானியக் கதையில் ஜூபிடர் தன் குறும்புகளை மறைக்க மேகத்தைத் திரையாக இழுத்துக்கொள்வான். மனைவி ஜூனோ அந்தத் திரையைத் தாண்டிப் பார்த்துவிடுவாள். அயோ, யுரோப்பா, கானிமீட், காலிஸ்டோ என்ற நான்கு பெரிய நிலவுகளும் அவன் ஆசைப்பட்டவர்களின் பெயர்கள். 2016-இல் மனைவியும் வந்து சேர்ந்தாள். இந்தக் கலத்தின் வேலையும் அதுவே: மைக்ரோவேவ் கருவியால் வியாழனின் மேகத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்ப்பது. அதற்குள் மூன்று சின்ன அலுமினிய லெகோ பொம்மைகள் உண்டு. ஜூபிடர் கையில் மின்னல், கலிலியோ கையில் தொலைநோக்கி, ஜூனோ கையில் பூதக்கண்ணாடி.

அயோவில் எரிமலைகளுக்கு எப்படிப் பெயர் வைக்கிறார்கள்?

நெருப்பு, சூரியன், இடி ஆகியவற்றின் தெய்வங்களைத் தேடி எடுக்கிறார்கள். 1979-இல் வாயேஜர் 1 விண்கலம் எடுத்த படத்தில் நாசா பொறியாளர் லிண்டா மொராபிட்டோ கண்டது, விளிம்பில் குடைபோல எழுந்த ஒரு புகைப்படலம். பூமிக்கு வெளியே எரிமலை சீறுவதை மனிதர் பார்த்தது அதுவே முதல்முறை. அதற்கு ஹவாய் மக்களின் எரிமலைத் தெய்வமான பீலேயின் பெயர். அதே நிலவில் சூர்யா பட்டேரா என்ற எரிமலைக் குழியும் இருக்கிறது.