பிள்ளையைக் காவலுக்குப் படுக்க வைக்காதீர்கள்

கேள்வி: என் கணவருக்கு 47 வயது. ஏற்காட்டு எஸ்டேட்டுகளிலிருந்து காப்பி, மிளகு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு சேலம் லீ பஜாருக்கு வண்டி ஓட்டுகிறார். பல வருடங்களாகப் பலத்த குறட்டை. எனக்குத் தூக்கமே இல்லாமல் போனதால் ஒரு வருடமாகக் கூடத்தில் படுக்கிறேன். ஏழாம் வகுப்புப் படிக்கும் மகன் அப்பா பக்கத்தில் படுத்து, மூச்சு நின்றால் தட்டி எழுப்பிவிடுகிறான். பல் வலிக்காகப் போனபோது, பற்கள் தேய்ந்திருப்பதைப் பார்த்த பல் மருத்துவர் முதலில் தூக்கப் பரிசோதனை செய்யச் சொன்னார். தேவைப்பட்டால் இரவில் வாயில் மாட்டிக்கொள்ளும் கருவி செய்து தருவதாகவும் சொன்னார். “குறட்டைக்கும் பல் டாக்டருக்கும் என்ன சம்பந்தம்? காசு பிடுங்கும் வேலை” என்கிறார் கணவர். அந்தக் கருவியை நம்பலாமா?
– ஊர், பெயர் வேண்டாம் என்ற வாசகி, ஏற்காடு மலை

பதில்: கருவியைப் பற்றிப் பிறகு பேசலாம், சகோதரி. “மூச்சு நின்றால் தட்டி எழுப்பிவிடுகிறான்” என்று எழுதிவிட்டு நீங்கள் அடுத்த வரிக்குப் போய்விட்டீர்கள். என்னால் போக முடியவில்லை. கணவருக்கு இரவில் மூச்சு நிற்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் அவரை மருத்துவரிடம் அழைத்துப் போகாமல், விவரம் அறியாத பிள்ளையைக் காவலுக்குப் படுக்க வைத்திருக்கிறீர்கள். நீங்கள் கூடத்தில் படுப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். விடிந்ததும் வீட்டு வேலை முழுவதையும் பார்ப்பவருக்குத் தூக்கம் வேண்டும். நீங்கள் எழுந்து வந்த இடத்தில் மகனைப் படுக்க விட்டதுதான் தவறு. அந்த வயதில் 9 மணி நேரமாவது தூங்க வேண்டியவன், அப்பாவின் மூச்சுச் சத்தத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு படுத்திருக்கிறான். அவன் அசந்து தூங்கிய ஓர் இரவில் அவருக்கு ஏதாவது நேர்ந்துவிட்டால், தன்னால்தான் அப்படி ஆயிற்று என்ற எண்ணத்தை அவன் வாழ்நாள் முழுவதும் சுமப்பான். பெற்றவர்களின் உயிருக்குப் பிள்ளை பொறுப்பேற்கும் வயதா அது?

அவன் தட்டுவதால் நோய் தீரப்போவதும் இல்லை. தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து, நாக்கு பின்னால் சரிந்து மூச்சுப் பாதையை அடைத்துக்கொள்கிறது. 10 விநாடியோ அதற்கு மேலோ காற்று உள்ளே போகாமல், இரத்தத்தில் ஆக்சிஜன் குறைகிறது. உடனே மூளை அவரை அரைகுறையாக விழிக்கச் செய்ய, பெரும் குறட்டையோடு மூச்சு திரும்புகிறது. ஸ்லீப் அப்னியா என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். மூச்சு நிற்பதும் குறைவதும் மணிக்கு எத்தனை முறை என்று தூக்கப் பரிசோதனையில் எண்ணுவார்கள்: 5 முதல் 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம். மணிக்கு 30 என்றால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை. அவற்றில் உங்கள் மகன் கண்ணில் பட்டவை எத்தனை இருக்கும்?

ஒவ்வொரு முறையும் இரத்த அழுத்தம் எகிறுகிறது. வருடக்கணக்கில் இப்படியே விட்டால் மாத்திரைக்கு அடங்காத இரத்த அழுத்தம், சீரற்ற இதயத்துடிப்பு, பக்கவாதம் ஆகியவற்றுக்கான ஆபத்து கூடுகிறது; சர்க்கரை நோயும் கூடவே வருவதுண்டு. காலையில் தலைவலி, வறண்ட வாய், இரவில் பல முறை சிறுநீர் கழிக்க எழுவது, காரணமில்லாத எரிச்சல் இவையெல்லாம் உங்கள் வீட்டில் இருக்கின்றனவா என்று யோசித்துப் பாருங்கள். இவை போதாதென்று, இரவெல்லாம் தூக்கம் கெட்ட மனிதர் லீ பஜாரில் மூட்டைகளை இறக்கிவிட்டு, சாப்பிட்ட மயக்கத்தோடு 20 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியை மேலேற்றுகிறார். எதிரே வருகிற பேருந்திலும் குடும்பங்கள் இருக்கின்றன. சிகிச்சை பலன் தருகிறது என்று மருத்துவர் சொல்லும் வரை வேறு ஓட்டுநரைப் போட்டுக்கொள்ளட்டும். வருமானம் குறையும் என்பார்; குறையட்டும்.

இனி உங்கள் கணவருக்கு. ஐயா, காசு பிடுங்க நினைக்கும் மருத்துவர் அன்றைக்கே உங்கள் வாயில் அச்சு எடுத்திருப்பார். முதலில் பரிசோதனை செய்துகொண்டு வாருங்கள் என்று அனுப்பியிருக்க மாட்டார். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பது இந்த நோயுள்ள பலரிடம் காணப்படுவதால், தேய்ந்த பற்களைப் பார்த்து அவர் சந்தேகப்பட்டது நியாயமே. சம்பந்தம் என்ன என்று கேட்கிறீர்கள் அல்லவா, உட்கார்ந்த இடத்திலேயே கீழ்த்தாடையை மெல்ல முன்னால் தள்ளிப் பாருங்கள். நாக்கும் கூடவே முன்னால் வரும். நாக்கின் அடித்தசை கீழ்த்தாடை எலும்பின் உட்புறத்தில் பிணைந்திருக்கிறது. மேல், கீழ்ப் பல்வரிசைகளுக்கு அச்செடுத்துச் செய்யும் அந்தக் கருவி, கீழ்த்தாடையைச் சில மில்லிமீட்டர் முன்னால் நிறுத்தி, நாக்கு பின்னால் சரியாதபடி பார்த்துக்கொள்கிறது. எவ்வளவு முன்னால் என்பதைச் சில வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்வார்கள்.

கருவி எல்லோருக்கும் ஏற்றதல்ல. லேசான, நடுத்தர நிலையில் நன்கு பயன்படும். தீவிர நிலைக்கு, முகமூடி வழியாகக் காற்றைச் செலுத்தும் சிபேப் இயந்திரமே முதல் சிகிச்சை. அதைப் பொறுத்துக்கொள்ளவே முடியாதவர்களுக்குத்தான் இந்தக் கருவி. போதுமான பற்கள் உறுதியாக இருக்க வேண்டும், ஈறு நோய் இருந்தால் முதலில் அதைக் குணப்படுத்த வேண்டும். ஆரம்பத்தில் எச்சில் ஊறும், காலையில் தாடை வலிக்கும். வருடங்கள் போகப் போகக் கடிக்கும்போது பற்கள் பொருந்தும் விதம் மாறலாம் என்பதால் பல் மருத்துவரிடம் தொடர்ந்து காட்ட வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதென்று ஆன்லைனில் வாங்கி மாட்டிக்கொள்ளாதீர்கள். முக்கியமாக, குறட்டை நின்றுவிட்டது என்பதை வைத்து நோய் அடங்கிவிட்டதாக முடிவு செய்யக் கூடாது; கருவியை மாட்டிக்கொண்டே மறுபடி பரிசோதனை செய்து அந்த எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். எடை கூடுதலாக இருந்தால் குறைக்கட்டும், இரவில் மது இருந்தால் அது அடியோடு நிற்கட்டும், மல்லாந்து படுப்பதைத் தவிர்க்கட்டும்.

சகோதரி, சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு இந்த வாரமே அவரை அழைத்துப் போங்கள். நீங்களும் உள்ளே போய், இரவில் கண்டதை உங்கள் வாயால் சொல்லுங்கள், ஏனென்றால் தூங்குகிறவருக்குத் தன் மூச்சு நின்றது தெரியாது. அதற்கு முன் ஓர் இரவு மூச்சு நிற்பதை நீங்களே உங்கள் கைபேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். மகனின் பாயை இன்றைக்கே கூடத்துக்கு மாற்றிவிடுங்கள். இனி அது அவன் வேலையில்லை என்பதை அவனிடம் சொல்ல வேண்டியவர் நீங்கள் அல்ல, அவனுடைய அப்பா.