கெட்டில் பில் நண்பர் பெயரில் இருந்தாலும் வழக்குப் போடலாம்

நண்பர் பரிசாகக் கொடுத்த கெட்டிலால் காயம்பட்டது, ஆனால் பில் உங்கள் பெயரில் இல்லை என்கிறார் கடைக்காரர்; வழக்குப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடலாம். கைப்பிடி கழன்று வெந்நீர் கொட்டியது உங்கள் காலில். பில் பரிசு கொடுத்த நண்பர் பெயரில் இருப்பது அதற்குத் தடையில்லை. 1932-இல் பிரிட்டனில் தீர்ப்பான டோனஹ்யூ வழக்கும் இப்படித்தான்: பானத்தை வாங்கியது தோழி, புட்டிக்குள் நத்தை கிடந்ததாகப் புகார் செய்தது குடித்தவர். தயாரிப்பாளருக்கு அவரிடமும் பொறுப்பு உண்டு என்றார்கள் நீதிபதிகள்.

கடைக்காரர் வாரண்டியையும் காயத்துக்கான இழப்பீட்டையும் குழப்புகிறார் என்று நினைக்கிறேன். வாரண்டிக்குத்தான் பில் முக்கியம். காயத்துக்குத் தயாரிப்பாளரைக் கேளுங்கள்.

இன்றே செய்ய வேண்டியது:

1. கெட்டிலின் அடியில் உள்ள மாடல், பேட்ச் எண்ணைப் பார்த்து, நிறுவனம் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்திருக்கிறதா என்று தேடுங்கள்.
2. கைப்பிடி உடைந்த இடத்தைக் கிட்டத்தில் படம் எடுங்கள். திருகு ஓட்டையைச் சுற்றி விரிசல் ஓடியிருந்தால் அது நல்ல சாட்சி.

அப்புறம், 'செக் பண்ணித் தருகிறோம்' என்று கடையிலோ நிறுவனத்திலோ கேட்டால் கெட்டிலைக் கொடுத்துவிடாதீர்கள்! கழுவவும் வேண்டாம், ஒட்டவும் வேண்டாம். மருத்துவச் சீட்டுகளோடு பையில் போட்டு வையுங்கள்.

ஒன்று மட்டும்: முன்பே கீழே விழுந்து ஒட்டிய கெட்டில் என்றால் இழப்பீடு குறையலாம், கிடைக்காமலும் போகலாம். வழக்குக்கான காலக்கெடு நாட்டுக்கு நாடு மாறும். அதை வழக்கறிஞரிடம் முதலில் கேளுங்கள்.